ஸ்டியரிங் முனகுவது ஏன்?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தோம். பார்க்கிங்கில் பயங்கர நெருக்கடி. பழைய இன்னோவாவை நின்ற இடத்திலேயே ஒடிக்க ஒடிக்க, முன்னால் 'ஙொய்ய்' என்று ஒரு முனகல். ஆலங்குளம் தாண்டி வரும்போது சத்தமே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?"

விடக் கூடாது. இன்றே பானெட்டைத் திறந்து பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பவர் ஸ்டியரிங்கில் உங்கள் கையோடு ஆயிலின் அழுத்தமும் சேர்ந்து சக்கரத்தைத் திருப்புகிறது. இன்ஜினில் ஓடும் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. சக்கரங்களை இடமும் வலமும் திருப்பும், பல் வெட்டிய நீளத் தண்டுக்கு ரேக் என்று பெயர். அதில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. ஆயில் அதன் ஒரு பக்கத்தைத் தள்ளினால் சக்கரம் இடப்புறம், மறுபக்கத்தைத் தள்ளினால் வலப்புறம். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். சரி, நீங்கள் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக ஒடிக்கிறீர்கள் என்பது ஆயிலுக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஸ்டியரிங் ராடின் அடிமுனைக்கும் ரேக்கைத் தள்ளும் பினியன் என்ற சிறு பற்சக்கரத்துக்கும் நடுவில் ஒல்லியான எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. டார்ஷன் பார் என்பார்கள். நீங்கள் ஒடிக்கும்போது டயரைத் தரை பிடித்துக்கொள்வதால் பினியன் உடனே அசையாது. அதனால் ஈரத்துணியைப் பிழிவதுபோல் அந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. கம்பியைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள். உள்ளே இருப்பது உங்கள் கையோடு திரும்பும். வெளியே இருப்பது பினியனோடு திரும்பும். இரண்டிலும் நீள நீளமாகக் காடிகள் வெட்டியிருக்கும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது எல்லாக் காடிகளும் சமமாகத் திறந்திருப்பதால் ஆயில் வேலை ஏதும் செய்யாமல் சுற்றிவிட்டு டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. கம்பி முறுக்கியதும் ஒரு பக்கக் காடிகள் விரிய, மறுபக்கம் சுருங்க, ஆயில் பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் பாய்கிறது. சக்கரம் திரும்புகிறது. கூடவே பினியனும் திரும்பி, வெளி உருளை உள் உருளையை எட்டிப் பிடித்துவிடுகிறது. கம்பியின் முறுக்கு தளர்கிறது, காடிகள் சமமாகின்றன, தள்ளுவதும் நிற்கிறது.

கை நின்ற கணமே உதவியும் நின்றுவிடுகிறது! நாற்கர சாலையில் வேகமாகப் போகும்போது டயர் லேசாகத் திரும்புவதால் கம்பி அதிகம் முறுக்காது. உதவியும் கொஞ்சம்தான் கிடைக்கும். வண்டி நிற்கும்போது முறுக்கு அதிகம், அழுத்தமும் அதிகம். இவ்வளவையும் ஒரு கம்பியின் முறுக்கே பார்த்துக்கொள்கிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-லேயே ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங்கைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அது கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது 1951-ல். கால் நூற்றாண்டு பொறுமை! நம் பொறியியல் கல்லூரிகள் கட்டடத்துக்குச் செலவிடுவதில் கொஞ்சம் எடுத்து, ஒரு பழைய ரேக்கை நெடுக அறுத்து மாணவர் கையில் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இனி உங்கள் முனகல். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆயில் நுரைக்கும். அந்தக் குமிழ்கள் பம்புக்குள் அழுத்தத்தில் நசுங்கும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. பார்க்கிங்கில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், அதனால் சத்தம். ஓட்டத்தில் குறைவு, அதனால் அமைதி. இன்னொன்று: ஃபுல் லாக்கில், அதாவது ஸ்டியரிங் இனித் திரும்பாது என்ற எல்லையில், ஒடித்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ரேக் நகர வழியில்லாமல் ஆயில், அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே சுற்றிச் சுற்றிக் கொதித்துப்போகும். முட்டியதும் ஒரு துளி தளர்த்திவிடுங்கள்.

இந்த ஆயில் எரிந்து தீர்கிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம். ஹோஸ் இணைப்புகளையும் பம்ப் சீலையும் பாருங்கள். அப்புறம் ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. உங்கள் வண்டிக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான) ஆயில், சிவப்பாக இருக்கும். பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் மாற்றிவிடுங்கள். பெரிய சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு இரு பக்கமும் ஒடித்து, மறுபடி உறிஞ்சி ஊற்றினால், சில சுற்றில் சிவப்பு திரும்பிவிடும். பிரேக் ஆயிலை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள். ரப்பர் சீலெல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

வண்டியில் சத்தம் வந்தால் கண்ணேறு என்று பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுக் கிளம்புவதை நம் பக்கம் பார்க்கிறேன். சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். ஆனால் மாஞ்சோலை இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவில் ஹோஸ் வெடித்தால், ஸ்டியரிங் திரும்பும்தான், ஆனால் முழுப் பாரமும் திடீரென்று கையில் இறங்கும். வளைவுக்கு நடுவில் அதைச் சமாளிப்பது லேசல்ல. கிளம்புமுன் டப்பாவைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

வீட்டில் புதுச் சின்னக் கார் இருந்தால் அதில் இந்த டப்பாவைத் தேட வேண்டாம். இப்போது பெரும்பாலும் மின் மோட்டார்தான் தள்ளுகிறது. அதிலும் அந்த டார்ஷன் பார் இருக்கிறது. அதன் முறுக்கை இப்போது ஒரு சென்சார் அளக்கிறது. அதில் ஸ்டியரிங் கனத்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.