பிறழ் சாட்சி

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் ஒரே வழக்கை இரண்டு மொழிச் செய்தியிலும் பார்ப்பவர்கள் அதிகம். சாட்சி மாற்றிச் சொன்னால் மலையாளச் சேனல் ‘கூறுமாறி’ என்னும். நம் பத்திரிகைகள் ‘பிறழ் சாட்சி’ என்றோ, கொஞ்சம் இளக்காரமாக ‘பல்டி’ என்றோ எழுதும். கோர்ட் வராந்தாவில் வக்கீல் குமாஸ்தா சொல்வது ‘ஹாஸ்டைல் ஆயிட்டார்’.

ஹாஸ்டைலுக்கு வேர் லத்தீன். பகைவன் என்று பொருள். ஆங்கிலேய நீதிமன்ற வழக்கிலிருந்து இங்கே ஒட்டிக்கொண்டது. 1872 சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவில் அந்தச் சொல்லே கிடையாது. ஒரு தரப்பு தான் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணை பாணியில் கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 157.

மலையாளத்தில் கூறு என்றால் விசுவாசம். கட்சித் தாவலுக்கும் அங்கே கூறுமாற்றம்தான். எம்.எல்.ஏ.வுக்குச் சரி, எல்லாச் சாட்சிக்கும் பொருந்துமா?

கண்ணூர் மாவட்டத்துக் கொட்டியூர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குப் பாதிரியார் மீது சிறுமியைக் கர்ப்பமாக்கிய குற்றச்சாட்டு. விசாரணையில் அந்தப் பெண்ணே தனக்கு அப்போது பதினெட்டு வயது நிறைந்துவிட்டது, சம்மதத்தோடுதான் நடந்தது என்றாள். பெற்றோரும் பிறழ்ந்தார்கள். ஆனால் பிறப்பு ஆவணம் பிறழவில்லை, டி.என்.ஏ.வும் பிறழவில்லை. 2019 பிப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் 20 ஆண்டு தண்டனை விதித்தது; 2021இல் உயர் நீதிமன்றம் அதை 10 ஆக்கியது. இதில் அந்தச் சிறுமியைப் பகைவள் என்பதா, கூறு மாறினாள் என்பதா?

பிறழ்தல் என்றால் இருந்த நிலையிலிருந்து புரள்வது, வழுவுவது. ‘வாக்குப் பிறழாதவர்’ என்கிறோமே, அதே சொல். ஏன் புரண்டார், பயமா பணமா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். பழைய தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்று பெயர். ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது குறள். பொய்ச்சாட்சி சொல்பவர் பொய்க்கரியாளர். அதை இங்கே கொண்டுவர முடியாது: பிறழ்ந்தவர் முன்பு சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்பதே கேள்வி. பிறழ்ந்தவர் சாட்சியம் மொத்தமும் அழிந்துவிடாது, நம்பத்தக்க பகுதியை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு குழப்பம். பிறழாத சாட்சியும் நம்பப்படாமல் போகலாம். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் ஒரு ஆயரை விடுவித்தபோது, புகார் கொடுத்த கன்னியாஸ்திரி தன் சொல்லில்தான் நின்றார். அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்றது தீர்ப்பு. அது நம்பகத்தன்மைச் சிக்கல். அதற்குப் பிறழ் சாட்சி என்று எழுதுவது தப்பு.

அப்புறம், ஆளைக் குறித்தால் பிறழ் சாட்சி. அவர் சொன்னதைக் குறித்தால் பிறழ் சாட்சியம்.