அபிசீனியன் அடங்கிவிட்டது என்று சொல்லாதீர்கள்

"டாக்டர், இது ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்குது."

அபிசீனியன் பூனை வளர்ப்பவர்கள் முதல் முறை வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பூனை கூடையை விட்டு மேசைக்கு வந்து, மேசையிலிருந்து மருந்து அலமாரிக்குத் தாவி, அங்கிருந்து என் ஸ்டெதஸ்கோப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் புகாருக்கு நான் கவலைப்படுவதில்லை. பூனை நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

நான் பயப்படுவது வேறொரு பேச்சுக்கு. "இப்ப கொஞ்சம் அடங்கியிருக்கு டாக்டர், வயசாகுதில்ல?" தடுப்பூசிக்கு வந்த ஒருவர் இப்படி நிம்மதியாகச் சொன்னார். பூனைக்கு வயது மூன்று. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

பரிசோதனையில் தெரிந்தது பைருவேட் கைனேஸ் குறைபாடு. ரத்தச் சிவப்பணுக்கள் தமக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கிக்கொள்ள உதவும் நொதி இது. சில அபிசீனியன்களிலும், அதன் நீளமுடி உறவான சோமாலியிலும் இந்த நொதி சரியாக வேலை செய்யாது. சிவப்பணுக்கள் தம் காலத்துக்கு முன்பே உடைந்துபோகும், ரத்தசோகை வரும். சில மாதக் குட்டியிலும் தெரியலாம், பல வயது கழித்தும் தெரியலாம். வரும், போகும், மறுபடி வரும். ரத்தம் மெதுவாகக் குறைவதால் பூனையின் உடம்பும் அதற்குப் பழகிவிடும். தாவுவது குறையும், பொம்மையைத் துரத்தாமல் படுத்தபடியே பார்க்கும், தூக்கம் கூடும். நாமோ பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பூனைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தன் குட்டிக்குக் கடத்தும். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை தெரிந்துவிடும். இதைக் குணமாக்க நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதுவும் இல்லை என்றாலும், வீட்டில் பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டால் பல பூனைகள் நல்லபடியாகவே வாழ்கின்றன. இந்த இனத்தில் ஒரு பகுதிக்கு பி வகை ரத்தம் உண்டு. பி வகைப் பூனைக்குத் தவறி ஏ வகை ரத்தம் ஏற்றினால் உயிரே போகலாம். அதனால் நன்றாக இருக்கும்போதே ரத்த வகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சேட்டைக்கு வருவோம். "இது காட்டுப் பூனைக் கலப்பா டாக்டர்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு முடியிலும் மாறி மாறி வெளிர், கருமைப் பட்டைகள் இருப்பதால் பார்க்கக் காட்டுப் பூனை மாதிரிதான் இருக்கும். ஆனால் சிறுத்தைப் பூனையோடு கலந்து உருவாக்கிய பெங்கால் இனம் மாதிரி இல்லை இது, முழு வீட்டுப் பூனை. அபிசீனியா என்பது எத்தியோப்பியாவின் பழைய பெயர். பூனைக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு சம்பந்தம் என்பது சந்தேகம்தான். ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் 1830களிலிருந்து பாடம்செய்து வைத்திருக்கும் இதே மாதிரிப் பூனையின் சீட்டில் இந்தியா என்றுதான் எழுதியிருக்கிறது.

காட்டு ரத்தம் இல்லை. வேலை இல்லாததுதான் பிரச்சினை. பதுங்கு, துரத்து, பிடி, கடி, தின்னு என்று ஐந்து படி இந்தப் பூனையின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிண்ணத்தில் தீனியைக் கொட்டிவிட்டு நாம் கிளம்பிவிட்டால் கடைசிப் படி மட்டும்தான் மிஞ்சும். மற்ற நான்கையும் திரைச்சீலையிலும் நம் கால் விரலிலும் தீர்த்துக்கொள்ளும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம், தூண்டில் பொம்மையால் விளையாடுங்கள். எலி ஓடுவது போலச் சோபாவுக்குப் பின்னால் மறைந்து மறைந்து போக வேண்டும். மூஞ்சிக்கு நேராக ஆட்டினால் அதற்குச் சலிப்புதான். கடைசியில் பிடிக்க விட்டுவிடுங்கள், உடனே தீனி வையுங்கள். லேசர் விளக்கு எனக்குப் பிடிக்காது. எவ்வளவு துரத்தினாலும் கையில் எதுவும் சிக்காது, பூனைக்குக் கடுப்புதான் மிஞ்சும்.

விடியற்காலை நான்கரைக்கு மூக்கைக் கடித்து எழுப்புகிறது என்பது அடுத்த புகார். பூனைகள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகிற பிராணிகள், அதை மாற்ற முடியாது. ஆனால் எழுந்துபோய்த் தீனி வைப்பது நாம். ஒன்பது நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பத்தாம் நாள் பொறுக்காமல் எழுந்தால், பத்து நாள் கடித்தால் கிடைக்கும் என்று அதற்குப் பாடம் எடுத்துவிட்டோம். நேரம் வைத்துத் திறக்கும் தீனிப் பெட்டி வாங்கி வைத்தால் அது உங்களை விட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். என் வீட்டிலும் அப்படித்தான் தப்பித்தேன்.

இன்னொன்று, தனிமை. இது மடியில் சுருண்டு படுக்கிற பூனை இல்லை. ஆனால் நீங்கள் சமைத்தால் பக்கத்தில் நிற்கும், குளித்தால் கதவுக்கு வெளியே காத்திருக்கும், எழுதினால் பேனாவைத் தட்டிவிடும். சயாமீஸ் மாதிரி உரக்கக் கத்தாது, மெல்லிய குரல்தான். அதனால் அதன் ஏக்கமும் வெளியே கேட்பதில்லை. தன் வயிற்று முடியை நக்கி நக்கி வழுக்கையாக்கிக்கொண்டோ, லிட்டர் டிரேவுக்கு (மலஜலம் கழிக்கும் மண் தட்டு) வெளியே துளித்துளியாகச் சிறுநீர் கழித்துக்கொண்டோ வரும்போதுதான் எனக்கே தெரியும். (ஆண் பூனை முக்கிக்கொண்டு நின்று ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது உயிர் போகிற அவசரம்.) நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை எடுங்கள், இல்லையென்றால் வேறு இனம் பாருங்கள். நான்கு வருடம் கழித்துத் துணைக்கு ஒன்றைக் கொண்டுவந்து நேராக நடுக்கூடத்தில் இறக்கிவிடுவது துணை ஆகாது, சண்டைதான். முதலில் தனி அறை, அப்புறம் துணியில் வாசனை, அப்புறம் கதவிடுக்கில் பார்வை. வாரக்கணக்கில் ஆகலாம்.

எதையும் நோண்டும் இனம் என்பதால் ஊசிநூல், தலைமுடி ரப்பர் எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும். சலவை இயந்திரத்தைப் போடுமுன் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். ஜன்னலுக்கு உறுதியான வலை வேண்டும்.

அடங்கிப்போவதற்குக் கண்ணும் காரணமாக இருக்கலாம். 2007இல் முதன்முதலாகப் பூனை இனத்தின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டபோது அதற்கு டி.என்.ஏ. கொடுத்தது அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இருந்த சினமன் என்ற அபிசீனியன். விழித்திரை படிப்படியாகத் தேய்கிற பரம்பரை நோய் அதன் வம்சத்தில் இருந்தது. முதலில் இருட்டில் பார்வை குறையும், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் முழுதும் போய்விடும். வீட்டின் ஒவ்வொரு மூலையும் பூனைக்கு மனப்பாடம் என்பதால் நாற்காலியை இடம் மாற்றும் நாள் வரை யாருக்கும் தெரியாது. இதற்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது.

ஈறு வீக்கமும் இந்த இனத்தில் சகஜம். குட்டியிலிருந்தே பல் தேய்த்துப் பழக்குங்கள், பூனைகளுக்கான பற்பசையில் மட்டும். அந்தச் சாக்கில் ஈறு நிறத்தையும் தினமும் பார்த்துவிடலாம். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தாய் தகப்பன் இரண்டின் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள், பன்னிரண்டு வாரம் ஆகாத குட்டியைத் தூக்கிவராதீர்கள். குட்டியைக் காட்டுவதற்கு முன்பே வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிற ப்ரீடர் கிடைத்தால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். அவரிடமே வாங்குங்கள்.