சொல் விளக்கம்: டிஸ்இன்ஃபெக்‌ஷன் – தொற்றுநீக்கம்

நகக்கலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அக்கா மகளின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிளீனிங், டிஸ்இன்ஃபெக்‌ஷன், ஸ்டெரிலைசேஷன் என்று மூன்று சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதலாவதற்கு எதிரே 'சுத்தம் செய்தல்' என்று எழுதியிருந்தாள். மற்ற இரண்டுக்கும் எதிரே ஒரே பதில்: 'கிருமி நீக்கம்'. "ரெண்டும் ஒண்ணுதானே சித்தி?" என்றாள். இல்லை. அடுத்தவர் விரலில் நிப்பரை, அதாவது நகத்தோரத் தோலை வெட்டும் சிறு கருவியை, வைக்கப்போகிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆகவேண்டும். அவளையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நாம் எல்லோருமே இரண்டையும் ஒரே சொல்லால்தான் சொல்லிவருகிறோம்.

முதலில் டிஸ்இன்ஃபெக்‌ஷன். இதற்குள் இருக்கும் இன்ஃபெக்ட், லத்தீன் மொழியின் 'இன்ஃபிகெரே' என்ற வினையிலிருந்து வந்தது. சாயத்தில் தோய்ப்பது, கறைப்படுத்துவது என்று அதற்குப் பொருள். துணியைச் சாயத்தொட்டியில் முக்கினால் நிறம் ஏறுவதுபோல உடம்பில் நோய் ஏறுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். முன்னால் 'டிஸ்' சேர்ந்ததும், ஏறியதை எடுப்பது என்றாகிவிட்டது.

தமிழ் இதை வேறு கண்ணால் பார்த்தது. தொற்றுதல் என்றால் பற்றி ஏறிக்கொள்வது. கிளம்பிய பேருந்தில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறோம், குழந்தை அம்மாவின் இடுப்பில் தொற்றிக்கொள்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் நோய்க்கு 'ஒட்டுவாரொட்டி' என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. மேனிக்யூர் மேசையில் நடப்பதும் இதுதான். ஒருவர் நகக்கண்ணைத் தொட்ட நிப்பர் அடுத்தவர் நகக்கண்ணைத் தொடுகிறது, நடுவில் ஏதோ ஒன்று அதில் தொற்றிக்கொண்டு வருகிறது. அதனால் டிஸ்இன்ஃபெக்‌ஷனுக்குத் தொற்றுநீக்கம் என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இலங்கைத் தமிழர்கள் தொற்றுநீக்கி என்று இயல்பாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் கிருமிநாசினிதான் நிலைத்துவிட்டது. 2020இல் தெருத்தெருவாகத் தெளித்ததும் கிருமிநாசினி, உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டதும் கிருமிநாசினி.

கிருமி வடமொழிச் சொல், மூலப்பொருள் புழு. வைணவ குருபரம்பரைக் கதைகளில் வரும் 'கிருமிகண்ட சோழன்' கழுத்தில் புழு வைத்தவன். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அந்தப் பெயரை நாம் நீட்டியது பின்னால்தான். இந்தச் சொல் இன்னொரு பக்கமும் பயணம் போயிருக்கிறது. பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஒரு பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்துக்குப் பெயராகி, கடைசியில் 'கிரிம்சன்' ஆனது. பார்லர் அலமாரியில் இருக்கும் கிரிம்சன் நெயில் பாலிஷும் நம் கிருமியும் ஒரே வேர். எனக்கு இது தெரிந்த அன்று ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெரிலைசேஷனின் வேர், மலடு என்று பொருள்படும் லத்தீன் சொல். ஓர் உயிர்கூட மிஞ்சாத நிலை. தொற்றுநீக்கம் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் சில பாக்டீரியாக்கள் கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வித்துகளாகத் தப்பித்துவிடும். அவற்றையும் அழித்தால்தான் ஸ்டெரிலைசேஷன். இதற்கு 'முழு நுண்ணுயிர் நீக்கம்' என்று சொல்லலாம், அந்த 'முழு' அவசியம். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது, வித்துகளுக்கு அது போதாது. ஆட்டோகிளேவ் என்ற மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தால் நீராவி 121 டிகிரிக்குப் போகிறது. 1879இல் பிரான்ஸின் சார்ல்ஸ் ஷாம்பர்லான் உருவாக்கிய கருவி அது. ஆட்டோ என்றால் தானே, கிளேவ் என்றால் சாவி, அதாவது தானே பூட்டிக்கொள்வது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைகளில் நீல விளக்கு எரியும் பெட்டிகளை 'ஸ்டெரிலைசர்' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அந்த ஒளி படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும், நிப்பரின் மூட்டு இடுக்கில் விழும் நிழலுக்குள் போகாது. சுத்தமான கருவிகளை எடுத்துவைக்க அந்தப் பெட்டி சரி, அவ்வளவுதான். பெயரை நம்பி முந்தைய படிகளை விட்டுவிடக் கூடாது.

முந்தைய படிகளில் முதலாவது கிளீனிங். எளிய சொல் என்பதால் எளிதாகத் தாண்டிப்போகிறோம். நிப்பரை விரித்து மூட்டைப் பாருங்கள், காய்ந்த தோல் துணுக்கு ஒன்றாவது இருக்கும். மருந்து அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது, அழுக்கோடு மோதியே வீரியம் இழந்துவிடும். 2000இல் கலிஃபோர்னியாவில் ஒரு நகப் பார்லரின் கால்தொட்டிகளால் 100க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குக் காலில் சீழ்க்கட்டிகள் வந்தன. ஆராய்ந்தபோது, தண்ணீரை உறிஞ்சும் வலைத்தட்டுக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து கிடந்தது. அங்கே பாக்டீரியா குடியிருந்தது. அந்தத் தட்டை யாரும் கழற்றிக் கழுவியதே இல்லை.

ஆகவே முதலில் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு, பிரஷால் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் கரைசல் நீர்த்துவிடும். பிறகு கைப்பிடி உட்பட முழுதும் மூழ்குமாறு தொற்றுநீக்கியில் போட்டு, லேபிளில் சொன்ன நேரம் வரை விடவேண்டும். பல மருந்துகளுக்கு அது 10 நிமிடம். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று 3 நிமிடத்தில் எடுத்தால் கருவி நனைந்திருக்கும், அவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாங்கும் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். அட்டை அரம், நகத்தை மெருகேற்றும் பஃபர், மரக்குச்சி ஆகியவற்றில் நுண்துளைகள் இருப்பதால் அவற்றுக்கு இந்த வைத்தியம் செல்லாது. ஒருவருக்குப் பயன்படுத்தியதும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மருந்து லேபிளில் 'கான்டாக்ட் டைம்' என்று இருப்பதற்கு அக்கா மகள் தமிழ் கேட்டாள். 'தொடர்பு நேரம்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இட்லி அரிசிக்கு என்ன சொல்கிறோம்? ஊறும் நேரம். அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் மூன்று எவர்சில்வர் தட்டுகளில் டேப் ஒட்டி எழுதிவைத்திருக்கிறாள்: கழுவ, ஊற, எடுக்க.