பரிஸ் சாந்து காய்வதில்லை

எங்கள் ஓவியக் குழுவில் ஏழு பேர் கல்லடியில் ஒரு சிற்பியின் பட்டறைக்குப் போயிருந்தோம். தகரக் கொட்டிலுக்குள், குளத்துக் களியில் செய்த ஒரு பெண்ணின் தலை. அதற்குப் பரிஸ் சாந்தில் அச்செடுக்கும் நாள் அது. பூசி முடிந்ததும் எங்களில் ஒருத்தி, "ஐயா, இது காய எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டாள்.

"இது காயல்ல புள்ள, இறுகுது. காயிறது மறுகா."

'மறுகா' என்றால் பிறகு. நாங்கள் சிரித்தோம். ஆனால் இரசாயனப்படி அவர் சொன்னதுதான் சரி.

ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்றோடு நீர் சேர்ந்த ஒரு கல். நீர் என்றால் ஈரம் அல்ல; பளிங்கின் உடம்பிலேயே பூட்டிக் கிடக்கும் நீர். அந்தக் கல்லை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் சுட்டால் அதில் முக்கால் பங்கு நீர் பறந்துவிடும். மிஞ்சும் வெள்ளை மாதான் பரிஸ் சாந்து. பரிஸ் நகரின் மொன்மார்த் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுத்ததால் வந்த பெயர்.

மாவைத் தண்ணீரில் தூவியதும் அது கரையத் தொடங்குகிறது. கரைந்தது, இழந்த நீரை எடுத்துக்கொண்டு மீண்டும் ஜிப்சமாகிறது. ஜிப்சம் மாவைவிடக் குறைவாகவே கரையும். ஆகவே கரைசலில் நிற்க முடியாமல் ஊசி ஊசியான பளிங்குகளாக வெளியே வருகிறது. ஊசிகள் ஒன்றையொன்று துளைத்துப் பின்னிக்கொள்ள, கூழ் கல்லாகிறது. அப்போது கலவை மிகச் சிறிதளவு பருக்கிறது. களியிலிருந்த கண்ணிமை மடிப்பு அச்சின் உட்புறத்தில் அப்படியே பதிந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சுடும்போது கொடுத்த வெப்பமும் திரும்பி வரும். அச்சின் மேல் கைவைத்துப் பார்த்தோம், இளஞ்சூடு. தடித்த கட்டியாக இருந்தால் 60 பாகையையும் தாண்டும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு மாணவி கைகளை அச்செடுக்கச் சாந்துக்குள் வைத்து விரல்களை இழந்தார். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

இரண்டாவது கலவை என் பொறுப்பு. முதல் கலவை செய்த வாளியிலேயே தண்ணீர் விட்டு, மாவைத் தூவி, கலக்கக் கலக்கக் கரண்டி நின்றுவிட்டது! ஊற்றுவதற்கு முன்பே வாளிக்குள் ஒரு வெள்ளைக் கல்.

"வாளியக் கழுவினயா தம்பி?"

கழுவவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய துணுக்குகள் ஆயத்தமான ஜிப்சம் பளிங்குகள். புதியவை அவற்றின் மேலேயே வளரத் தொடங்கிவிடும். எருமைப் பாலுக்கு உறை குத்துவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், இங்கே நுண்ணுயிர் இல்லையென்றாலும். உப்பும், அளவுக்கு மீறிக் கலக்குவதும் இறுகலை விரைவாக்கும். சில துளி தேசிக்காய்ச் சாறு தாமதமாக்கும்.

இனி அந்த 'மறுகா'. 100 கிராம் மாவுக்கு இரசாயனப்படி வேண்டியது ஏறத்தாழ 19 கிராம் நீர். ஆனால் கூழாக ஓட வேண்டுமே. 60, 70 கிராம் விடுகிறோம். மிச்சம் ஊசிகளுக்கிடையே தேங்கி நிற்கும். அது ஆவியாவதுதான் காய்தல். இறுகுவது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மழை பெய்தாலும். காய்வதோ காற்றைப் பொறுத்தது. கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் எது காய்கிறது? அந்த மாதங்களில் திறந்த மா மூட்டை காற்றின் ஈரத்தைக் குடித்தே கெட்டுவிடும். அவர் பொலித்தீனால் இறுகக் கட்டிப் பலகைமேல் வைத்திருக்கிறார்.

காய்ந்த பிறகும் ஜிப்சம் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையும், லீற்றருக்கு இரண்டு கிராமுக்கு மேல். கோபுரத்துப் பொம்மைகளைச் சாந்தில் செய்யாமல் சீமெந்தில் செய்வதற்கு இந்தக் காரணமே போதும்.

புறப்படும்போது இரண்டு வார்ப்புகளை விரலால் தட்டிக் காட்டினார். அன்றையது 'தொம்' என்றது. போன மாதத்தையது 'ணங்' என்றது.