பொன்னுக்கு வீங்கி

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் பிள்ளைக்குக் காதடி வீங்கினால் முதலில் தேடுவது தங்கச் சங்கிலியைத்தான். எனக்கு வந்தபோது ஆச்சி தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, "இதக் கழட்டிராதல, பொன்னு பட்டாத்தான் வத்தும்" என்றாள். காய்ச்சல் கழுத்தில் அது ஜில்லென்று கிடந்தது.

பொன்னுக்கு வீங்கி என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. 'வீங்கு' என்ற வினையோடு இகரம் சேர்ந்து 'வீங்கி'. சுமைதாங்கி, இடிதாங்கி மாதிரி. வீங்குதல் பருப்பது மட்டுமல்ல, ஏங்குவதும்தான். 'தின்பண்டத்துக்கு வீங்கிக் கிடக்கான்' என்கிறோமே, அந்த வீங்கல். பொன்னுக்கு ஏங்கிப் பருத்த கன்னம், பொன்னைப் போட்டால் ஆறிவிடும் என்பது நம்பிக்கை. வீக்கம் எப்படியும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக வற்றிவிடும். நல்ல பெயரைச் சங்கிலி வாங்கிக்கொள்கிறது. சங்கிலியால் கெடுதல் இல்லை. அதை நம்பி டாக்டரிடம் காட்டாமல் இருப்பதுதான் கெடுதல்.

புட்டாளம்மை, தாளம்மை, அம்மைக்கட்டு, கூகைக்கட்டு என்றும் பெயர்கள் உண்டு. கூகைக்கட்டு என்று சொல்லும்போதே கழுத்து தெரியாத ஆந்தை முகம் கண்ணில் வருகிறது. ஆங்கிலத்து 'மம்ஸ்' முகம் சுளிப்பதைக் குறிக்கும் பழஞ்சொல்லில் இருந்து வந்தது என்பார்கள். அம்மை என்று சொன்னாலும் உடம்பில் கொப்புளம் வராது. இது உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிடிக்கும் வைரஸ். தும்மல், இருமல், எச்சில் வழியாகத் தொற்றும். வீக்கம் கண்டதிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்பக் கூடாது.

வீங்கும் சுரப்பிக்கு மருத்துவப் பெயர் பரோடிட். கிரேக்கத்தில் 'பாரா' அருகில், 'ஓட்' காது. நம் பள்ளிப் பாடநூல் இதை 'மேலண்ணச் சுரப்பி' என்கிறது. எனக்கு இது ஒப்பவில்லை. மேலண்ணம் வாய்க்குள் இருக்கும் கூரை. சுரப்பியோ காதுக்கு முன்னும் கீழுமாகப் படிந்திருக்கிறது. 'செவுட்டுல ஒண்ணு விட்டான்' என்று நெல்லைச் சீமையில் சொல்கிறோமே, அந்த அறை விழும் இடம்தான் அது. செவியடிச் சுரப்பி என்றால் படிக்காத ஆச்சிக்கும் கை சரியாக அங்கே போகும்.

இடம் தெரிந்துவிட்டால் நோயை அடையாளம் காண்பதும் எளிது. பிள்ளையை நேரே உட்காரவைத்துப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கியில் காது மடலின் கீழ்நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தாடையின் மூலை வீக்கத்தில் மறைந்துபோகும். ஒரு பக்கம் வந்து இரண்டொரு நாளில் மறுபக்கமும் வருவது உண்டு. நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்ததும் 'ஆ' என்று பிள்ளை காதடியைப் பிடிக்கும், புளிப்புக்கு எச்சில் ஊறி வீங்கிய சுரப்பியை நெருக்குவதால்.

சொத்தைப் பல் வீக்கம் கீழே தாடையோடு நிற்கும், காது நுனி தூக்காது, அந்தப் பல்லைத் தட்டினால் உயிர் போகும். சாப்பிடும்போது மட்டும் வீங்கி, பிறகு வடிந்தால் எச்சில் குழாயில் கல் இருக்கலாம். காதுக்குள் வலித்து, கன்னம் வீங்காமல் சீழ் வடிந்தால் அது நடுச்செவிக் கோளாறு. காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவந்து வீங்கி மடல் முன்னே தள்ளியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, சங்கிலிக்கு நேரமில்லை.

பொன்னுக்கு வீங்கியிலும் கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தாலோ, வயதுக்கு வந்த பையனுக்கு விதை வீங்கினாலோ தாமதிக்கக் கூடாது. அரசு அட்டவணையில் போடும் எம்ஆர் ஊசி தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துத் தடுப்பது எம்எம்ஆர். குழந்தை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அபூர்வமாக இது ஒரு பக்கச் செவியைச் செவிடாக்கிவிடும். மறு காது கேட்பதால் பிள்ளைக்கே தெரியாது. வீக்கம் வற்றியபின் செல்போனை முதலில் வலக்காதில், பிறகு இடக்காதில் வைத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு காதில் வைத்தவுடன் 'கேக்கலம்மா' என்றால் அன்றே காது மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.