மேஜர்: கோல்ஃபில் ஒரு சொல்லும் அதன் கணக்கும்

ஜாக் நிக்லஸ் 18, டைகர் உட்ஸ் 15. கோல்ஃபில் யார் பெரியவர் என்று பேச்சு எழுந்தால் முதலில் வந்து விழுவது இந்த இரண்டு எண்கள்தான். இரண்டுமே ‘மேஜர்’ எனப்படும் போட்டிகளில் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கை. இன்று ஆண்கள் கோல்ஃபில் மேஜர் என்றால் நான்கு: ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதத்தில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், ஜூனில் யு.எஸ். ஓப்பன், ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பன். வேறு எங்கே எத்தனை கோப்பை வாங்கினாலும் இந்தக் கணக்கில் ஏறாது. சரி, இந்த நான்குக்கு மட்டும் அந்தப் பெயர் எப்படி வந்தது? எப்போது வந்தது? இது தெரியாமல் பழைய ஆட்டக்காரர்களையும் புதியவர்களையும் ஒரே தராசில் நிறுத்தினால் பழையவர்களுக்கு அநியாயம்தான் நடக்கும்.

முதலில் சொல்லின் வேர். லத்தீனில் ‘மாக்னுஸ்’ என்றால் பெரியது. ‘மாயோர்’ என்றால் இன்னொன்றைவிடப் பெரியது. நம் பேச்சிலும் மேஜர் பல உருவத்தில் உலவுகிறது. ராணுவத்தில் மேஜர் ஒரு பதவி. பதினெட்டு வயது நிரம்பியவர் மேஜர். ஆஸ்பத்திரியில் ‘மேஜர் ஆபரேஷன்’ என்றால் வீட்டுக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எல்லாவற்றிலும் ஓர் ஒப்பீடு உள்ளே இருக்கிறது; மைனர் என்று ஒருவர் இருப்பதால்தான் மேஜர் என்று ஒருவர் இருக்கிறார். கோல்ஃபிலும் அப்படியே. வாரா வாரம் நடக்கும் போட்டிகளைவிடப் பெரியது மேஜர். ஆனால் அந்தப் ‘பெரிய’ என்பதை முடிவு செய்தது யார்?

யாரும் கூடித் தீர்மானம் போடவில்லை. நான்கு மேஜர்களையும் நடத்துபவை நான்கு தனித்தனி அமைப்புகள். பத்திரிகைக்காரர்களும் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் பேசிப் பேசி நிலைபெற்ற பெயர் இது. அதனால்தான் பட்டியலும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1930இல் அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களை வென்றார். இன்றைய நான்கு அல்ல அவை. பிரிட்டிஷ் ஓப்பன், யு.எஸ். ஓப்பன் ஆகியவற்றோடு பிரிட்டிஷ் அமெச்சூர், யு.எஸ். அமெச்சூர் என்ற இரண்டு. ஜோன்ஸ் கடைசிவரை அமெச்சூராகவே, அதாவது பரிசுப் பணம் வாங்காமல் ஆடியவர். மாஸ்டர்ஸ் அப்போது பிறக்கவே இல்லை. பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமானது. அவர் உள்ளே போகவே முடியாது. ஆக, அவர் கைக்கு எட்டிய பெரிய பட்டங்கள் நான்கு, நான்கையும் வாங்கினார். நியூயார்க் பத்திரிகையாளர் ஜார்ஜ் ட்ரெவர் இந்தச் சாதனையைத் தகர்க்க முடியாத நாற்கரம் என்று வர்ணித்தார். ஜோன்ஸோடு ஊர் ஊராகப் போய் எழுதிய அட்லாண்டா பத்திரிகையாளர் ஓ.பி. கீலர் சீட்டாட்டத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தார்: கிராண்ட் ஸ்லாம். பிரிட்ஜ் ஆட்டத்தில் பதின்மூன்று பிடியையும் ஒரே தரப்பு பிடித்துவிடுவதற்கு அந்தப் பெயர். அதுதான் நிலைத்தது.

அதே ஆண்டில், 28 வயதில், ஜோன்ஸ் போட்டி ஆட்டத்தை விட்டு விலகினார். பிறகு கிளிஃபர்ட் ராபர்ட்ஸுடன் சேர்ந்து ஜார்ஜியாவின் அகஸ்டாவில் ஒரு மைதானம் அமைத்தார். 1934இல் அங்கே தொடங்கிய அழைப்புப் போட்டிதான் பின்னால் மாஸ்டர்ஸ் ஆனது. அடுத்த ஆண்டு அங்கே நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைசிச் சுற்று, 15ஆவது குழி. கிரெய்க் வுட் மூன்று ஸ்ட்ரோக், அதாவது மூன்று அடி, முன்னிலையோடு ஆட்டத்தை முடித்துவிட்டார். ஜீன் சராசன் சுமார் 235 கெஜம் தள்ளி நிற்கிறார், நடுவில் குளம். ‘வுட்’ எனப்படும் மட்டை வகையில் நான்காம் எண் மட்டையால் அடித்த அந்த இரண்டாவது அடி குழிக்குள்ளேயே போய் விழுந்தது. ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி இரண்டில் முடிந்தது. மூன்று ஸ்ட்ரோக்கும் ஒரே அடியில் சமன். மறுநாள், சமனானவர்கள் மீண்டும் மோதும் பிளே ஆஃபில் சராசன் வென்றார். இன்றைய பட்டியல்படி, தம் ஆட்ட வாழ்வில் நான்கு மேஜர்களையும் வென்ற முதல் மனிதர் அவர். ஆனால் அன்று அந்த வெற்றியை யாரும் அப்படிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு நான்கு அன்று இல்லை.

இன்றைய நான்கு உருப்பெற்ற கதைக்கு 1960க்கு வர வேண்டும். ஆர்னால்ட் பால்மர் அந்த ஆண்டு மாஸ்டர்ஸும் யு.எஸ். ஓப்பனும் வென்றுவிட்டு, பிரிட்டிஷ் ஓப்பன் ஆட ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் பாப் டிரம்மோடு பேச்சு. இந்த இரண்டோடு பிரிட்டிஷ் ஓப்பனையும் பி.ஜி.ஏ.வையும் வென்றால் அது இந்தக் காலத்து கிராண்ட் ஸ்லாம் ஆகாதா? டிரம் அதை எழுத, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பால்மர் அந்த முறை கெல் நேகலிடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். ஆனால் யோசனை தோற்கவில்லை. அமெச்சூர் பட்டங்கள் மெல்லப் பட்டியலிலிருந்து நழுவின, இன்றைய நான்கும் நிலைபெற்றன.

ஆக, 1960க்கு முந்தியவர்களின் மேஜர் எண்ணிக்கையில் பெரும்பகுதி நாம் பின்னாலிருந்து போட்ட கணக்கு. பென் ஹோகன் 1953இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் வென்றார். நான்காவதை ஏன் ஆடவில்லை? பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பும் ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் ஓப்பனின் தகுதிச் சுற்றும் ஒரே நாட்களில் மோதிக்கொண்டன. ஒரே ஆண்டில் நான்கும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்ற ஏற்பாடே அப்போது இல்லை. பிரிட்டிஷ் ஓப்பனை ஹோகன் வாழ்நாளில் ஆடியதே அந்த ஒரு முறைதான். சாம் ஸ்னீட் 1946இல் அதே போட்டியை வென்றபோது, கிடைத்த பரிசுப் பணம் கடல் தாண்டிப் போய்வந்த செலவுக்குக்கூடப் போதவில்லை. பிறகு பல ஆண்டுகள் அவர் அந்தப் பக்கம் போகாததை எப்படிக் குறை சொல்வது?

இன்னும் பின்னால் போனால் ஜெர்சி தீவில் பிறந்த ஹாரி வார்டன். 1896க்கும் 1914க்கும் நடுவே ஆறு பிரிட்டிஷ் ஓப்பன், 1900இல் ஒரு யு.எஸ். ஓப்பன். மொத்தம் ஏழு. நிக்லஸின் 18க்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் முதல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது 1916இல். மாஸ்டர்ஸ் வர இன்னும் பல ஆண்டு. அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து யு.எஸ். ஓப்பனுக்கு அவர் போனது மூன்றே முறை: ஒன்றில் வென்றார், 1913இல் பிளே ஆஃப் வரை வந்தார், 1920இல், ஐம்பது வயதில், இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். என் மனதில் இந்த ஏழு, இருபதாம் நூற்றாண்டின் பல பெரிய எண்ணிக்கைகளைவிட எடை கூடியது.

பட்டியல் மாறியதற்கு நிக்லஸே சாட்சி. 1973இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றபோது, பாபி ஜோன்ஸின் 13 என்ற சாதனையை அவர் 14ஆல் முறியடித்தார் என்றுதான் கொண்டாடினார்கள். ஜோன்ஸின் 13இல் ஆறு அமெச்சூர் பட்டங்கள். நிக்லஸின் 14இல் 1959, 1961ஆம் ஆண்டுகளின் யு.எஸ். அமெச்சூர் இரண்டு. அந்தக் கணக்கு நீடித்திருந்தால் இன்று நிக்லஸுக்கு 20, மூன்று முறை யு.எஸ். அமெச்சூர் வென்ற உட்ஸுக்கு 18. இப்போது அமெச்சூரை நீக்கிவிட்டு ஜோன்ஸுக்கு ஏழு என்கிறோம். 1973இல் 13 வைத்திருந்த அதே மனிதருக்கு! அவர் ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை, சொல்லின் எல்லை மட்டும் மாறிவிட்டது.

இதைவிட என்னை உறுத்துவது வெஸ்டர்ன் ஓப்பன் விவகாரம். 1899இல் தொடங்கிய அந்தப் போட்டி அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலம் பெரும் மதிப்போடு இருந்தது. வால்டர் ஹேகன் அதை ஐந்து முறை வென்றார். அவருடைய 11 மேஜர்களில் அந்த ஐந்தில் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. பெண்கள் கோல்ஃபில் கதை நேர் எதிர். அமெரிக்காவின் பேட்டி பெர்க் வைத்திருக்கும் 15 மேஜர்களில் ஏழு, பெண்களுக்கான வெஸ்டர்ன் ஓப்பன். இன்னொரு ஏழு, இன்று நடக்காத டைட்டில்ஹோல்டர்ஸ். மீதி ஒன்றுதான் யு.எஸ். பெண்கள் ஓப்பன். பழைய போட்டிகளையும் மேஜர் என்று ஏற்றுக்கொண்டது பெண்கள் கோல்ஃப். அங்கே பட்டியல் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டேதான் இருந்தது. கனடாவின் டு மோரியே போட்டி 2000ஆம் ஆண்டோடு அந்தத் தகுதியை இழந்தது; 2001இல் பெண்கள் பிரிட்டிஷ் ஓப்பன் வந்தது; 2013இல் எவியான் போட்டியும் சேர்ந்து மேஜர்கள் ஐந்தாயின. முன்னோரைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் இந்த வழியே சரி என்பேன். ஹேகனுக்கும் அதைச் செய்திருக்கலாம்.

இனி தமிழ்ச் சொல். நம் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘மேஜர்’ என்றே எழுதுகின்றன. பேச்சுக்கு அது போதும், பிழையில்லை. தமிழாக்கும்போது ‘முக்கியப் போட்டி’ என்று எழுதுவதுதான் பொருந்தவில்லை. எல்லாப் போட்டியும் யாருக்காவது முக்கியம்தான். ‘பெருந்தொடர்’ என்றும் சொல்லலாம். ஆனால் கிரிக்கெட் பழக்கத்தால் தொடர் என்றதும் பல ஆட்டங்கள் கொண்ட வரிசை மனதில் வருகிறது. கோல்ஃப் மேஜரோ நான்கு நாள், நான்கு சுற்று, ஒரே போட்டி. அதனால் ‘பெரும்போட்டி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. லத்தீன் வேரின் பொருளும் அதில் அப்படியே இருக்கிறது. கிராண்ட் ஸ்லாமுக்கு ‘நாற்பெரும் வெற்றி’ எனலாம். பழைய வீரர்களைப் பற்றி எழுதும்போது ‘இன்றைய கணக்கில் ஏழு பெரும்போட்டிகளை வென்றவர்’ என்று அந்த ‘இன்றைய கணக்கில்’ என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. வார்டனுக்கும் ஜோன்ஸுக்கும் அது கட்டாயம் வேண்டும்.

ஆண்கள் பட்டியலிலும் ஐந்தாவது ஒன்று வரலாம் என்ற பேச்சு பல காலமாக உண்டு. 1974இல் தொடங்கிய பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பைத்தான் சொல்கிறார்கள். அதைச் சேர்த்துப் பின்னோக்கி எண்ணினால் மூன்று முறை வென்ற நிக்லஸ் 21க்கும், இரண்டு முறை வென்ற உட்ஸ் 17க்கும் போவார்கள். அப்படி வந்தாலும் நம் சொல்லுக்குச் சிக்கல் இல்லை. ஐம்பெருங்காப்பியம் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு ஐம்பெரும்போட்டி எளிதாகவே வரும். பெண்கள் கோல்ஃபைப் பற்றி எழுதுபவர்கள் அதை இப்போதே எடுத்துக்கொள்ளலாம்.