கிணறு வெட்டும் ஐயாவும் அணுக்கழிவும்

நெடுங்கேணிப் பக்கம் கிணறு வெட்டும்போது கூட நின்று பார்த்திருக்கிறீர்களா? மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் சிவந்த கிரவல். அதற்குக் கீழே கையால் நசித்தால் உதிரும் உக்கல் கல். அப்புறம் அலவாங்கைத் திருப்பி அடிக்கிற கருங்கல். எங்கள் வளவில் இருபத்தைந்தடியிலேயே அந்தக் கல் வந்துவிட்டது, ஈரமே இல்லை. வெட்ட வந்த ஐயா வெடி வைத்து இன்னும் ஆறடி இறங்கினார். ஒரு பக்கச் சுவரில் விரல்கூட நுழையாத கோடு ஒன்று தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் கசிந்தது. விடிந்து பார்த்தால் இடுப்பளவு. “தம்பி, கல்லுக்குள்ள தண்ணி இல்லை, வெடிப்புக்குள்ளதான் இருக்கு” என்றார். பக்கத்து வளவில் அதே ஆழம் வெட்டிய கிணறு கோடையில் இன்றும் காய்ந்துதான் கிடக்கிறது.

கதிரியக்கக் கழிவைப் புதைக்க இடம் தேடும் புவிச்சரிதவியலாளர்களும் அதே கோட்டைத்தான் தேடுகிறார்கள். ஐயா அது இருக்கும் இடத்தைத் தேடினார், அவர்கள் இல்லாத இடத்தைத் தேடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏனென்றால் புதைத்த கழிவு தானாக எழுந்து வராது. அதைச் சீமெந்திலோ கண்ணாடியிலோ இறுக்கித்தான் வைப்பார்கள். அங்கிருந்து அதை மனிதரிடம் கொண்டுவரக்கூடியது பெரும்பாலும் தண்ணீர்தான்: கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, வெடிப்பு வழியே இழுத்து, கிணற்றுக்கும் வயலுக்கும் மாட்டுப் பாலுக்கும். ஜெர்மனியில் ஆஸ்ஸே என்றொரு பழைய உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கழிவுப் பீப்பாய்களை அதற்குள் இறக்கினார்கள். உப்புப் படிவம் கரையாமல் கிடக்கிறதென்றால் அங்கே தண்ணீர் வராது என்பது கணக்கு. தண்ணீர் வந்தது, நாளுக்குச் சுமார் 12 கனமீட்டர். இப்போது பீப்பாய்களைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

சரி, அணு உலையே இல்லாத இலங்கைக்கு இந்தக் கதை எதற்கு? வைத்தியசாலையில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட்டும், தொழிற்சாலையில் அளவு பார்க்கும் கருவிக்குள் இருக்கும் சீசியமும் ஒருநாள் பாவனையிலிருந்து கழிக்கப்படும். கழித்ததை எங்கே வைப்பது? 1987இல் பிரேசிலின் கொயானியா நகரில் கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் கிடந்த இயந்திரத்தை இரண்டு பேர் பழைய இரும்புக்கென்று கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தது 100 கிராமுக்கும் குறைந்த சீசியத் தூள். இருட்டில் நீலமாக மினுங்குகிறதே என்று வீடு வீடாகப் பங்கு போட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். போருக்குப் பிறகு வன்னியில் பழைய இரும்பு பொறுக்கி வயிறு கழுவியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு காலம் காவல் வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு ஆழம் என்பது. ஸ்கேன் செய்ய ஊசியில் ஏற்றும் டெக்னீசியம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். பூட்டிய அறையில் சில நாள் வைத்தால் போதும். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகள். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதற்கு 300 ஆண்டுகள். இந்த வகைக்கு நிலமட்டத்தை ஒட்டிய சீமெந்து அறைகள் போதும் என்று பல நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. வேலி போட்டு, ஆள் வைத்து, பதிவேடு எழுதி 300 ஆண்டுகள் பார்த்துக்கொள்வார்களாம்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803இல். 300 ஆண்டு என்றால் அதற்கும் முக்கால் நூற்றாண்டு முந்தியது. போரில் கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும், ஒரு கிழமைக்குள் ஆளே இல்லாமல் போன கந்தோர்களையும், காணி உறுதியைத் தொலைத்துவிட்டு இன்னமும் அலைகிறவர்களையும் பார்த்தவர்கள் நாங்கள். காவலாளியையும் பதிவேட்டையும் நம்பிப் போடும் கணக்கு எங்களுக்கு ஒட்டாது.

கல்லை நம்புவது பரவாயில்லை. புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 ஆண்டுகள் எடுக்கும். அது கலந்த அணு உலை எரிபொருட்கழிவுக்குப் பின்லாந்து ஓல்கிலுவோட்டோவில் 430 மீட்டர் அளவு ஆழத்தில் சுரங்கம் குடைந்திருக்கிறது. பாறை, நைஸ் வகை உருமாறிய பாறை. நம் காலுக்குக் கீழே இருப்பதும் அதே சாதிதான், புவிச்சரிதவியலில் அதற்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர். வயதில் மட்டும் பின்லாந்துப் பாறை மூத்தது. ஆனால் பெயர் பொருந்திவிட்டால் இடம் பொருந்திவிடாது. எங்கள் கிணற்றில் வந்த கோடு இன்னும் எத்தனை ஆழத்துக்குப் போகிறது, எதனோடு போய்ச் சேர்கிறது என்று துளையிட்டு, தண்ணீரின் வயதையும் உப்பையும் அளந்து பார்த்தால்தான் தெரியும். பின்லாந்துக்காரர் அதற்கே பல ஆண்டுகள் எடுத்தார்கள். முருங்கன், பூநகரிப் பக்கம் என்றால் பேச்சே வேண்டாம். அங்கே சுண்ணாம்புக்கல், தண்ணீர் அதைக் கரைத்துத் தனக்கு வழி வெட்டிக்கொள்ளும்.

ஆனால் முருங்கன் மண்ணில் வேறொரு பாடம் இருக்கிறது. ஆவணியில் அந்தக் கறுப்பு வயலில் நடந்தால் வெடிப்புக்குள் பாதம் இறங்கும். முதல் மாரி மழை விழுந்ததும் மண் ஊதி, வெடிப்பு முழுக்க மூடிக்கொள்ளும், உழவு மாடு முழங்கால் வரை புதையும். இப்படி ஊதும் களிமண் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பின்லாந்துச் சுரங்கத்தில் கழிவு வைக்கும் செப்புக் கலங்களைச் சுற்றி அடைக்கும் பென்டனைட். தண்ணீர் வந்து தொட்டால் களி ஊதித் தண்ணீரின் வழியையே அடைத்துவிடும்.

இலங்கை மாதிரிக் கொஞ்சமாகக் கழிவுள்ள நாடுகளுக்குச் சுரங்கம் தேவைப்படாது. குழாய்க்கிணறு மாதிரி ஒரு துளை போட்டு, கருவிகளிலிருந்து எடுத்த கதிரியக்க மூலங்களை உலோகக் குப்பிகளில் இறக்கிச் சீமெந்தால் அடைக்கும் முறை இருக்கிறது. கானாவும் மலேசியாவும் சர்வதேச அணுசக்தி முகமையின் துணையோடு அந்த வழியில் இறங்கியிருக்கின்றன.

கல்லும் களியும் ஒத்துவந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம். அவுஸ்திரேலியா தன் தேசியக் கதிரியக்கக் கழிவுக் களஞ்சியத்துக்குக் கிம்பா என்ற கோதுமை ஊரின் அருகே 160 ஹெக்டேயரைத் தெரிவு செய்தது. 2019இல் ஊரில் வாக்கெடுப்பு, 61.6 சதவீதம் ஆம். ஆனால் அந்த நிலப்பரப்பின் பூர்வகுடிகளான பர்ங்கர்லா மக்களில் பெரும்பாலோர் கிம்பா எல்லைக்குள் வசிக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை, வாக்கும் இல்லை. தாங்களே ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். 83 பேர் வாக்களித்தார்கள், ஒருவர்கூட ஆம் சொல்லவில்லை. வழக்குப் போனது. அமைச்சர் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டதாகத் தோன்றுகிறது என்று 2023 ஜூலையில் நீதிமன்றம் தெரிவை ரத்துச் செய்தது. அடுத்த மாதமே அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஓமந்தையிலும் ஒட்டுசுட்டானிலும் காணி வைத்துக்கொண்டு, பெயரை இங்கே இடாப்பில் பதியாமல் திருச்சி முகாமிலும் டொரோன்டோவிலும் இருக்கிறவர்களை நினைத்துக்கொண்டேதான் நான் அந்தத் தீர்ப்பைப் படித்தேன்.